வெர்டெல் கேட்ட நம்பர்

"பானை கருகினதுக்கு எனக்கு மூளை கழண்டுபோச்சுன்னா, இந்த ஜாக்சன் ஊர்ல முக்கால்வாசிப் பேரைக் கட்டிலோட சேர்த்துக் கட்டிப் போடணும்டி!"

சொந்த மகளைப் பார்த்து, சொந்த அடுப்படியில நின்னுக்கிட்டு வெர்டெல் இப்படித்தான் கத்தினா. கையில அடி கருகின பானை. வீடு பூரா புகை. ஜன்னல் நாலையும் திறந்து விட்டுட்டு மக லட்ரீஸ் இருமிக்கிட்டு நின்னா. வெர்டெலுக்கு எண்பத்து மூணு வயசு, மகளுக்கு ஐம்பத்தெட்டு. மக டல்லாஸ்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில பெரிய வேலை பாக்குறவ. ஆறு மணி நேரம் காரை ஓட்டிக்கிட்டு அம்மாவைப் பாக்க வந்தவ, வந்த ரெண்டாம் நாளே இப்படி.

"அம்மா, தண்ணியை அடுப்புல வச்சுட்டுத் தூங்கிட்ட."

"தூங்கல. ஒசெல்லாகிட்ட ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தேன்."

"அது இன்னும் மோசம். முழிச்சுக்கிட்டே மறந்திருக்க."

டல்லாஸ்ல இருக்கிறவளுக்கு என்ன தெரியும்? குழாயைத் திறந்தா அவ ஊர்ல கண்ணாடி மாதிரி தண்ணி வருது. இங்க அந்த வாரமும் மறுபடி நோட்டீஸ் விட்டிருந்தாங்க, கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு. ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணி கொதிக்க வைக்கிறவ மாசத்துக்கு ஒரு பானையைக் கருக்கத்தான் செய்வா. அந்தத் தெருவுல கருகாத பானை இருக்கிற வீடு ஒண்ணைக் காட்டுங்க பாப்போம். பாஸ்டரோட பொண்டாட்டி மூணு பானை கருக்கினா. அவளை யாரும் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போகல.

ஆனா லட்ரீஸ் சும்மா வரல. ஃபோன்ல ஒரு பட்டியலே எழுதி வச்சிருந்தா. எடுத்துப் படிச்சா, கோர்ட்டுல வக்கீல் படிக்கிற மாதிரி.

"பின்னாடி ரூம்ல தண்ணி பாட்டில் கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்க. அது பதுக்குற வியாதி. பல் தேய்க்கக்கூட பாட்டில் தண்ணி எடுக்குற. நேத்து குழாயைத் திறந்து விட்டுட்டு சும்மா நின்னு அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்த, ஒரு நிமிஷம் முழுசா. நான் பாத்தேன்."

"நிறம் பாத்தேன்டி! பழுப்பு போகுதான்னு பாத்தேன்! இந்த ஊர்ல குழாயை வெறிச்சுப் பாக்காதவதான் பைத்தியக்காரி!"

லட்ரீஸ் ஃபோனை மேஜை மேல வச்சா. குரலைத் தணிச்சுக்கிட்டுச் சொன்னா, "அப்பாவுக்கும் ஒரு பானையிலதான் ஆரம்பிச்சது."

வெர்டெலோட புருஷன் கிளீவன் எட்டு வருஷம் மறதி வியாதியில கிடந்து செத்தவன். முதல்ல பானை, அப்புறம் கார் சாவி, அப்புறம் மக பேரு, கடைசியில வெர்டெலையே பாத்து, "அம்மணி, என் பொண்டாட்டி வர்ற நேரம், நீங்க கிளம்புங்க"ன்னு சொன்னான். அதைக் கேட்டுக்கிட்டே அவனுக்குக் கால் கழுவி விட்டவ அவ.

மக சொன்னா, "பேப்பர்ல வந்திருக்கு, பாத்தியா? ரத்தத்துல இருக்கிற புரதத்தை வச்சு, இருபது வருஷம் கழிச்சு யாருக்கு மறதி வரும்னு இப்பவே சொல்லிடலாமாம். நீ வேலை பாத்த அந்த ஆராய்ச்சியிலதான் அதைக் கண்டுபிடிச்சாங்களாம். உன் ரத்தம் அவங்ககிட்டதான இருக்கு. போய்க் கேளு. உன் நம்பர் நல்லா இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். மோசமா இருந்தா வீட்டை வித்துட்டு என்கூட டல்லாஸ் வந்துடு."

வெர்டெல் கருகின பானையைப் பாத்திரம் கழுவுற தொட்டியில போட்டா.

"சரி, கேக்குறேன். சாமி மேல சத்தியம் பண்ணு, நல்லா இருந்தா வாயைத் திறக்க மாட்டேன்னு."

"சத்தியம்."

இப்படித்தான் ஒரு வீடு, நாப்பத்தொண்ணு வருஷம் குடியிருந்த வீடு, ஒரு பனிப்பெட்டிக்குள்ள இருந்த குழாய் ரத்தத்தை நம்பி நின்னுது.

வெர்டெல் யாருன்னு சொல்லணும். வடக்கே ஹோம்ஸ் கவுண்டியில பருத்திக் காட்டுல பொறந்தவ. பதிமூணு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் பாதி, பருத்தி பாதி. பத்தொன்பதுல ஜாக்சன் வந்து, ஆஸ்பத்திரியில தரை துடைச்சா. துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டே, ரத்தம் எடுக்குறவங்க கையைப் பாத்துக்கிட்டு நிப்பா. ஒரு நாள் ஒரு குண்டான பொம்பளைக்கு மூணு நர்ஸ் மாத்தி மாத்திக் குத்தியும் நரம்பு சிக்கல. வெர்டெல் துடைப்பத்தைச் சுவத்துல சாய்ச்சுட்டு, "அங்க இல்ல, கட்டை விரலுக்கு மேல, மணிக்கட்டு ஓரமாப் பாருங்க"ன்னா. குத்தினாங்க, வந்துச்சு. அதுக்கு ஒரு டாக்டர் அவளைத் திட்டினான், இன்னொருத்தர் அவளைப் படிக்க அனுப்பினார். உலகம் அப்படித்தான், திட்டுறவனும் இருப்பான், அனுப்புறவனும் இருப்பான்.

ரத்தம் எடுக்குறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கருப்புத் தோலுக்கு அடியில நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கிட்டுத் தடவுவா. "பந்து மாதிரி துள்ளுதா, அதான் நரம்பு. கயிறு மாதிரி விறைப்பா இருந்தா விட்டுடு, அது தசைநார்"னு சொல்லிக் குடுப்பா. ஒரே குத்து. குத்துறப்ப ஆளோட அம்மாவைப் பத்தி ஒரு கேள்வி கேப்பா. பதில் சொல்லி முடிக்குறதுக்குள்ள குழாய் நிறைஞ்சிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழுல அந்த ஆராய்ச்சி ஊருக்கு வந்துச்சு. இருதய நோய் எங்க கருப்பு ஜனத்துக்கு ஏன் இவ்வளவு வருதுன்னு பாக்கப் போறாங்களாம். நாப்பத்தஞ்சு வயசுல இருந்து அறுபத்து நாலு வரைக்கும் இருக்கிறவங்களைப் பிடிச்சு, ரத்தம் எடுத்து, சாகுற வரைக்கும் கூடவே வருவாங்களாம். வெர்டெலுக்கு அங்க வேலை கிடைச்சுது. ரத்தம் எடுக்குறது மட்டும் இல்ல, ஆள் சேக்குறதும். வெள்ளைக் கோட்டு போட்டவன் வந்து கூப்பிட்டா எங்க ஜனம் கதவைத் திறக்காது. வெர்டெல் கூப்பிட்டா திறக்கும்.

ஒசெல்லா திறக்கல. அவ சர்ச்சுல வாசல்ல நின்னு ஆளை உட்கார வைக்கிறவ, வெர்டெலோட சின்ன வயசுத் தோழி.

"அலபாமாவுல கவர்மெண்ட் டாக்டருங்க நாப்பது வருஷம் நம்ம ஆம்பளைங்களை வியாதியோட வச்சு வேடிக்கை பாத்தாங்களே, மறந்துட்டியா? மருந்து இருந்தும் குடுக்கலையே. இப்ப நீ வந்து கையை நீட்டுங்குற."

"இது அந்த மாதிரி இல்ல ஒசெல்லா. கொழுப்பு பாத்தா கொழுப்பு எவ்வளவுன்னு சொல்லுவாங்க. சக்கரை பாத்தா சக்கரை சொல்லுவாங்க. எது கண்டுபிடிச்சாலும் உன்கிட்ட சொல்லுவாங்க. நான் சொல்றேன்."

"நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

ஒசெல்லா கையெழுத்துப் போட்டா. அவளோட சேந்து அந்த ஒரு சர்ச்சுல மட்டும் அறுபத்தொரு பேர். எல்லாரும் வெர்டெல் வாயை நம்பி வந்தவங்க. அந்தக் காகிதம் ஒன்பது பக்கம். வெர்டெல் ஒவ்வொருத்தருக்கும் படிச்சுக் காட்டணும். முதல் நாலு பக்கம் ஒழுங்காப் படிச்சா. அப்புறம் ஆளு பசியோட உட்காந்திருக்கும், வெறும் வயித்துல வரச் சொன்னதால. "மிச்சம் எல்லாம் வக்கீல் பேச்சு, இங்க போடு கண்ணு"ன்னு பேனாவை நீட்டுவா. கிளீவனுக்கும் அப்படித்தான். எண்பத்தெட்டுல அவனோட கையை அவளேதான் குத்தினா. "என்ன, வீட்டுலயும் ரத்தம் குடிக்குற, இங்கயும் குடிக்குறியா?"ன்னு கேட்டான் அந்தப் படுபாவி. அவளோட ரத்தத்தைப் பக்கத்து நாற்காலிக்காரி எடுத்தா. எல்லாம் சின்னச் சின்னக் குழாயில ஊத்தி, பனிப்பெட்டியில போயிடுச்சு. சாதாரணப் பனிப்பெட்டி இல்ல. கையுறை இல்லாமத் தொட்டா தோல் உரிஞ்சு வரும்.

கொழுப்பு சொன்னாங்க. சக்கரை சொன்னாங்க. பொய் சொல்லக் கூடாது, அதெல்லாம் ஒழுங்கா வீட்டுக்குக் கடுதாசி வந்துச்சு. பொறந்த நாளுக்கு வாழ்த்து அட்டைகூட வந்துச்சு. வெர்டெல் வேலையில இருந்து ஓய்வு எடுத்தப்ப கேக் வெட்டினாங்க. அதுக்கப்புறமும் கூப்பிட்டப்பெல்லாம் போய்க் கையை நீட்டிட்டு வந்தா.

மக கேக்கச் சொன்ன அடுத்த மாசம், ஆராய்ச்சிக்காரங்க வருஷா வருஷம் போடுற சாப்பாட்டுக் கூட்டம் வந்துச்சு. வறுத்த கோழி, பச்சை பீன்ஸ், கெட்டிக் கேக். உயிரோட மிச்சம் இருக்கிறவங்க ஒரு முந்நூறு பேர். கைத்தடி, தள்ளு வண்டி, மூக்குல ஆக்ஸிஜன் குழாய். வெர்டெல் நல்ல நீல உடுப்பு போட்டுக்கிட்டு, ஒசெல்லாவோட முன் வரிசையில உட்காந்தா.

புதுசா வந்த டாக்டர் ஒருத்தன் மேடையில ஏறினான். ப்ரெண்டன்னு பேரு. நல்ல பையன்தான், குரல் மெதுவா, பல் வரிசையா. திரையில புள்ளி புள்ளியா ஒரு கோடு காட்டினான். முப்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ரத்தத்தை இப்ப உருக்கிப் பாத்தாங்களாம். ரத்தத்துல ஆயிரக்கணக்குல புரதம் மிதக்குதாம். மூளை நரம்பு நைஞ்சு போனா கசியுறது ஒண்ணு, மூளையில வீக்கம் வந்தா ஏறுறது ஒண்ணு. அதெல்லாம் எண்ணி வச்சுக்கிட்டு, பின்னாடி யாருக்கு மறதி வந்துச்சுன்னு பாத்தா, அவங்க ரத்தத்துல அந்தச் சாமான் எப்பவோ ஏறியிருந்துச்சாம். ஆளு நல்லா வேலைக்குப் போய்க்கிட்டு, கார் ஓட்டிக்கிட்டு, பொண்டாட்டியைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்த காலத்துலயே.

"இதெல்லாம் நீங்க குடுத்த பரிசு"ன்னான். எல்லாரும் கை தட்டினாங்க.

வெர்டெல் கை தட்டல. எழுந்து நின்னா.

"டாக்டர், நான் வெர்டெல் ஹபர்ட். இந்த ரத்தத்துல பாதி நான் எடுத்தது."

"தெரியும் மிஸ் வெர்டெல். உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. பெருமையா இருக்கு."

"பெருமை இருக்கட்டும். என் நம்பர் என்ன?"

டாக்டர் சிரிச்சான். அப்புறம் அவ சிரிக்கலைன்னு பாத்துட்டு நிறுத்தினான்.

"தனித்தனியாச் சொல்ற மாதிரி இல்லைங்க மிஸ் வெர்டெல். இது கூட்டத்துக்குச் சொல்ற கணக்கு. நூறு பேர்ல இத்தனை பேருக்கு வரும்னு சொல்லலாம். அது யாருன்னு சொல்ல முடியாது."

"கூட்டத்தையா குத்தினேன்? ஒவ்வொரு கையாத் தேடித் தேடிக் குத்தினேன்! ஒவ்வொரு கைக்கும் ஒரு பேரு இருந்துச்சு!"

பின் வரிசையில இருந்து ஒரு கிழவன், "ஆமா, சொல்லு சிஸ்டர்"ன்னான். அவ்வளவுதான். கூட்டம், பிரசங்கத்துக்கு ஜனம் பதில் குரல் குடுக்குற சர்ச்சு மாதிரி ஆயிடுச்சு.

"குழாய்ல பேரு எடுத்துட்டு எண் ஒட்டியிருக்குங்க. நாங்களே பேரைப் பாக்குறது இல்ல."

"எண் ஒட்டினது யாருன்னு நினைச்ச? நான்தான் ஒட்டினேன்! எண்ணுல இருந்து பேருக்குப் போற புத்தகம் எந்த அலமாரியில இருந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். பொறந்த நாள் அட்டை அனுப்ப மட்டும் பேரு கிடைக்குதே, இதுக்குக் கிடைக்காதா?"

"கேளு சிஸ்டர்! நல்லாக் கேளு!"

"என் புருஷன் கிளீவன் ஹபர்ட். எண்பத்தெட்டு மார்ச்சுல எடுத்தேன். மறதி வந்து செத்தான். அந்தக் கோட்டுல அவன் இருக்கானா?"

டாக்டர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டான். "இருக்கலாம்."

"எட்டு வருஷம் நான் கழுவினேன் அவனை. இன்னைக்கு உனக்கு அவன் ஒரு புள்ளி. சரி, புள்ளியா இருக்கட்டும். நான் எந்தப் புள்ளி? வீட்டை விக்கணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணணும். அதுக்குத்தான் கேக்குறேன், வேடிக்கை பாக்க இல்ல."

அவன் மேடையை விட்டு இறங்கி வந்தான். அது நல்ல குணம், ஒத்துக்கணும். அவ பக்கத்துல குனிஞ்சு, கையில ஒரு காகிதத்தோட சொன்னான், "மிஸ் வெர்டெல், நீங்க கையெழுத்துப் போட்டதுலயே இருக்குங்க. 'பிற்காலத்தில் செய்யப்படும் ஆராய்ச்சிப் பரிசோதனைகளின் முடிவுகள் பங்கேற்பவருக்குத் தரப்படா.' ஆறாம் பக்கம். அந்த நம்பர் ஆஸ்பத்திரிப் பரிசோதனை மாதிரி சரிபார்த்தது இல்லைங்க. தப்பா ஒருத்தரைப் பயமுறுத்திட்டா? எனக்கு மனசு இருந்தாலும் சட்டம் விடாது."

ஆறாம் பக்கம். வெர்டெல் முகம் சுருங்கிப் போச்சு. அவ நாலாம் பக்கத்தோட நிறுத்தினவ.

உட்காந்துட்டா. கேக்கைத் தொடல.

வீட்டுக்குத் திரும்புறப்ப ஒசெல்லாதான் கார் ஓட்டினா. மூணாவது சிவப்பு விளக்குல காரை நிறுத்தினா.

"அலபாமான்னு நான் சொன்னேன்" அப்படின்னா, ரோட்டைப் பாத்துக்கிட்டே.

"சொன்ன."

"'நான் சொல்றேன்'னு நீ சொன்ன."

"சொன்னேன்டி. இப்ப என்ன, கார்ல இருந்து குதிக்கணுமா?"

"கதவு பூட்டியிருக்கு. குதிக்க முடியாது." இன்னொரு தெரு போனப்புறம் ஒசெல்லா சொன்னா, "எனக்கு என் நம்பர் வேண்டாம் வெர்டெல். தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? ஆனா வேண்டாம்னு சொல்ல வேண்டியவ நான். அவன் இல்ல."

இது ஒண்ணுதான் சங்கதி. மத்த எல்லாத்தையும் விட்டுடுங்க. சட்டம் இருக்கலாம், நல்ல எண்ணம் இருக்கலாம், சரிபாக்காத நம்பரா இருக்கலாம். அதுக்காக, முப்பத்தாறு வருஷம் பட்டினியோட வந்து கையை நீட்டின ஜனத்துக்கு ஒரு தடவை, "உனக்கு வேணுமா?"ன்னு கேக்க ஒருத்தனுக்கும் வாய் வரலையே. எங்க தோல்ல ஓட்டை போட்டு உலகத்துக்கே வெளிச்சம் காட்டுவாங்களாம். எங்க வீட்டுக்கு மட்டும் கோழிச் சாப்பாடு அனுப்புவாங்களாம்.

வெர்டெல் விடுற ஆளா? அவ வழக்கமாப் போற டாக்டரம்மா டில்மன்கிட்ட போனா. அந்த மாதிரிப் பரிசோதனை இப்ப வெளியிலயும் வந்திருக்கு, ஆராய்ச்சி இல்ல, காசு குடுத்தா எடுப்பாங்க.

"மிஸ் வெர்டெல், இது மறதியால ஏற்கெனவே தொந்தரவு படுறவங்களுக்குத்தான். சும்மா நல்லா இருக்கிறவங்களுக்கு எடுக்க வேண்டாம்னுதான் சொல்றாங்க."

"அப்ப நான் நல்லா இருக்கேன்னு எழுதிக் குடு. என் மககிட்டக் காட்டுறேன்."

டாக்டரம்மா அஞ்சு வார்த்தை சொல்லி மனசுல வச்சுக்கச் சொன்னா. கடிகாரம் வரையச் சொன்னா. நூறுல இருந்து ஏழேழாக் குறைக்கச் சொன்னா. வெர்டெல் எல்லாம் பண்ணிட்டு, அஞ்சு வார்த்தையைத் தலைகீழாவும் சொல்லிட்டு, "உன் சுவர்க் கடிகாரம் மூணு நிமிஷம் பின்னாடி ஓடுது, அதைச் சரி பண்ணு"ன்னா. எழுதிக் குடுத்தா டாக்டரம்மா. அதை மககிட்ட ஃபோன்ல படிச்சுக் காட்டினா, "அப்பாவும் முதல்ல எல்லாக் கடிகாரமும் சரியாத்தான் வரைஞ்சாரு"ன்னு மக சொல்றா. என்ன பண்ணுவீங்க?

அப்படித்தான் அந்தப் பரிசோதனைக்கு அடம் பிடிச்சு எழுதி வாங்கிட்டுப் போனா. ரத்தம் எடுக்குற இடத்துல ஒரு முப்பது வயசுக்காரி, நகம் இவ்வளவு நீளம். ரெண்டு தடவை குத்தினா. நரம்பு சிக்கல.

"மேடம், உங்க நரம்பு நழுவுது."

"அது நழுவல கண்ணு. நீ துரத்துற. கையில கட்டின ரப்பரை அவிழ்த்துட்டு மறுபடி கட்டு. கண்ணால தேடாத. விரலை வை. இங்க. துள்ளுதா?"

"ம்... துள்ளுது."

"இப்ப உன் அம்மா எப்படி இருக்காங்கன்னு என்னைக் கேளு."

"என் அம்மாவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அம்மாவைப் பத்திக் கேளுடி! சரி விடு, குத்து."

வந்துச்சு.

மூணு வாரம். முடிவுக்குக் காத்திருந்த அந்த மூணு வாரத்துல அவ எண்பத்து மூணு வருஷம் மறக்காததை எல்லாம் மறந்தா. கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டுத் தேடினா. ஞாயித்துக்கிழமை பாஸ்டர் பேரைக் கூப்பிட வாயெடுத்துட்டு நின்னுட்டா. முன்னாடி எத்தனையோ தடவை இப்படி நின்னிருக்கா, அப்பெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடுவா. இப்ப ஒவ்வொண்ணும் நெஞ்சுல இடிச்சுது. தனக்குத் தானே போலீஸ் ஆயிட்டா. அந்த நம்பர் வர்றதுக்கு முன்னாடியே வேலையைக் காட்ட ஆரம்பிச்சுடுச்சு.

டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினா. காகிதத்தை மேஜை மேல திருப்பி வச்சா.

"நடுவுல இருக்குங்க."

"எதுக்கு நடுவுல?"

"குறைவுன்னும் சொல்ல முடியாது, அதிகம்னும் சொல்ல முடியாது. நடுவுல ஒரு பட்டை இருக்கு. நிறையப் பேருக்கு இப்படித்தான் வரும். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமா இருந்தாலும் நம்பர் ஏறும், வயசுக்கும் ஏறும். வருமான்னு கேட்டா, வரலாம். வராமலும் போகலாம்."

வெர்டெல் அவளையே பாத்தா. "இதைச் சொல்ல என் ரத்தம் எதுக்கு? இதை என் அடுப்படியில உக்காந்தே நான் சொல்லியிருப்பேனே."

"முதல்லயே சொன்னேன் மிஸ் வெர்டெல்."

"சொன்ன. அதான் உன்னைத் திட்டாம எந்திரிச்சுப் போறேன்."

சாயங்காலம் மகளுக்கு ஃபோன் போட்டா. 'நடு'ன்னு சொன்ன உடனே மக, "அப்ப ஆபத்துதான்"ன்னா. வெர்டெல், "ஆபத்துன்னா ஆபத்துன்னு எழுதியிருப்பான். நடுன்னா ஒண்ணும் இல்ல"ன்னா. அந்த ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் அரை மணி நேரம் இழுத்தாங்க. டல்லாஸ்ல அறை தயாரா இருக்குன்னா மக. கீழ்த் தளமாம், படியே இல்லையாம், குளியலறையில பிடிக்கக் கம்பிகூடப் போட்டாச்சாம்.

"கம்பி போட்டுட்டியா? நம்பர் வர்றதுக்கு முன்னாடியேவா?"

வெர்டெல் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"லட்ரீஸ், கேளு. நீ என்னைப் பாக்க வர்ற. ஆனா நீ என்னைப் பாக்குறதே இல்ல. என் முகத்துல உன் அப்பனைத் தேடுற. நான் தண்ணியைப் பாத்தா அப்பன், பானையைப் பாத்தா அப்பன். நான் இன்னும் சாகல, எனக்கு மறதியும் இல்ல. அதுக்குள்ள என்னைத் தூக்கிப் புதைச்சுட்டு மேல கம்பி நட்டு வச்சிருக்க!"

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். லட்ரீஸ் அழுறவ இல்ல. அப்பன் செத்தப்பக்கூட மூக்கைச் சிந்திட்டு விருந்தாளிக்குச் சாப்பாடு போட்டவ.

"நான் எனக்கும் எடுத்தேன்மா."

"என்னத்தை?"

"அந்தப் பரிசோதனை. போன கோடையில. நானும் அப்பா ரத்தம்தான? ஃபோன்ல வந்து கிடக்கு. இன்னும் திறக்கல. ஒவ்வொரு நாளும் விரலை வைக்கிறேன், எடுத்துடுறேன். மீட்டிங்குல ஒரு வார்த்தை வரலைன்னா உள்ளங்கை வேர்க்குது. நீ கேட்டுச் சொன்னா, உனக்கு நல்லா இருந்தா, எனக்கும்..." முடிக்கல.

வெர்டெலுக்குக் கோவம் போகல. ஆனா அது மகளை விட்டுட்டு வேற பக்கம் திரும்பிடுச்சு. எவனோ ஒருத்தன் ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளைகிட்ட, கடுதாசி மாதிரி, ஃபோனுக்குள்ள அவ எமனை அனுப்பி வச்சிருக்கான். பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. சொல்ல வேண்டியவன் சொல்ல மாட்டேங்குறான், சொல்றவன் இப்படிச் சொல்றான். ரத்தம் எடுக்கத் தெரிஞ்ச அளவுக்கு இவங்களுக்குப் பேசத் தெரியல.

"திறக்கணும்னா திற. வேண்டாம்னா விடு. திறக்குறப்ப இங்க வந்து, என் பக்கத்துல உக்காந்து திற. அதுல என்ன இருந்தாலும் உனக்கு நான் சூப்பு வச்சுத் தருவேன். பானையைக் கருக்கித்தான் தருவேன், அது வேற விஷயம். ஆனா என் வீட்டை அதோட முடிச்சுப் போடாத. உன் பயத்துக்கு விலை என் வீடு இல்ல."

"சத்தியம் பண்ணினோமே."

"நல்லா இருந்தா ஒண்ணு, மோசமா இருந்தா ஒண்ணுன்னுதான் சத்தியம். நடுவுக்கு யாரும் சத்தியம் பண்ணல. நடுவுல இருக்கிறது என் இஷ்டம்."

மக ஃபோனை வச்சுட்டா. ரெண்டு வாரம் பேசல. மூணாவது வாரம், நன்றி நாள் விடுமுறைக்கு வர்றேன், ஃபோனையும் கொண்டு வர்றேன்னு ஒரு வரி அனுப்பினா. வீட்டைப் பத்தி அதுல ஒரு எழுத்து இல்ல. வெர்டெல் அதை மூணு தடவை படிச்சா. அப்புறம் வாசல்ல போய் நின்னு வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாத்தா, விக்க வந்தவ பாக்குற மாதிரி இல்ல, இருக்க வந்தவ பாக்குற மாதிரி. கூரையில வடக்குப் பக்கம் தார் அட்டை நாலஞ்சு சுருண்டு கிடந்துச்சு. மறுநாள் காலையில கூரை போடுறவனைக் கூப்பிட்டா.

அவன் ஏணியில ஏறிப் பாத்துட்டு இறங்கி வந்தான். மொத்தமா மாத்தணும்னான். ரெண்டு அட்டையைக் காட்டினான். ஒண்ணு பதினஞ்சு வருஷம் தாங்கும், ஒண்ணு முப்பது வருஷம் தாங்கும்.

"மேடம், நான் உண்மையைச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குப் பதினஞ்சு போதும்."

"என் ரத்தத்தைப் பாத்தியா நீ?"

"என்னங்க?"

"பாத்தியான்னு கேட்டேன்."

"இல்லைங்க மேடம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு முப்பது வருஷத்து அட்டையைப் போடு."

போட்டான். ரெண்டு நாள் வேலை. பழைய அட்டையைப் பிரிச்சு எடுத்து, கீழ மரத்தைச் சரி பண்ணி, சாம்பல் நிறத்துல புதுசா வேஞ்சு குடுத்தான். ஆக மொத்தம் பதினோராயிரத்து எண்ணூத்து ஐம்பது டாலர்.